மலையை மேலே வைத்த படம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இரண்டு பேர், பீரோ ஒன்று. மம்சாபுரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, ஓடைக்கரையோடு மலையைப் பார்த்து நடந்தால் மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறோம். இருப்பது ஒரே கூடம்தான். நடுவில் பீரோவை நிறுத்தி இரண்டாக்கியிருக்கிறோம். ஒரு வாசலுக்கு மேல் 1, 2, 3 என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தப் பக்கம் தலைமையாசிரியை அமிர்தவல்லியாகிய என்னுடையது. மறு வாசலுக்கு மேல் 4, 5. அது பிளஸ்ஸி டீச்சருடையது.

பீரோ ஆளை மறைக்குமே தவிர பேச்சை மறைக்காது. அதனால் பிளஸ்ஸி நடத்துகிற பாடத்தில் பாதி என் காதிலும் விழும். விழுந்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. ஒரு பிள்ளை பதில் தெரியாமல் முழித்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பிளஸ்ஸி அப்படியில்லை. பதில் தெரிந்தும் சொல்ல மாட்டாள். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது என்று அவள் வந்த புதிதில் நினைத்தேன். இந்த ஐப்பசியில் நடந்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

திங்கட்கிழமை அவள் சமூக அறிவியலில் வரைபடப் பாடத்தைத் தொடங்கினாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிற வழியைப் போடச் சொன்னாள். முடித்த தாள்களைத் தரையில் பரப்பியபோது நான் பீரோவைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாத் தாளிலும் மலைதான் மேல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே மாந்தோப்பு, ஓடை, பிள்ளையார் கோவில், கடைசியாக அடியில் பஸ் ஸ்டாப்.

மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. எனக்குக் கை அரித்தது.

“ஏலே, வரைபடத்துல மேல்பக்கம் எப்பவும் வடக்கு. அப்பம் மேக்க இருக்கிற மலை எங்க வரணும்? எடது பக்கம்லா வரணும்!”

வல்லரசு எழுந்தான். ஐந்தாம் வகுப்பு. அவன் எழுந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

“பெரிய டீச்சர், மலையை எடது பக்கம் வச்சா அய்யனார் கோவில் அருவி சாஞ்சா விழும்?”

கூடமே சிரித்தது. என் பக்கத்து ஒன்றாம் வகுப்புப் பொடிகளும், எதற்கென்று தெரியாமலே சிரித்தன.

“தண்ணி மேல இருந்துதான டீச்சர் கீழ வருது. மலை மேல, ஓடை அதுக்குக் கீழ, ஊரு அதுக்கும் கீழ. நீங்க சொல்லுத மாதிரி வச்சா தண்ணி படுத்துக்கிட்டுலா வரணும்.”

பிளஸ்ஸி அவனை அதட்டி உட்காரவைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, “நல்ல கேள்வி. யாருக்காவது பதில் தெரியுமா?” என்று வகுப்பைக் கேட்டாள். அவளுக்குத் தெரியும்! தெரிந்துகொண்டே கேட்கிறாள். நான் முணுமுணுத்துக்கொண்டே என் பக்கத்துக்கு வந்து, ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ போடப் போனேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் மாரீஸ்வரி பிளஸ்ஸியிடம் வந்தாள். நான்காம் வகுப்பு. ஜூன் மாதம் மகாராஜபுரத்திலிருந்து வந்து சேர்ந்தவள். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை கிடைத்ததால் வீட்டை இங்கே மாற்றிக்கொண்டார்கள். அப்பா ராணுவத்தில். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை அது. தானாக வந்து பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“டீச்சர், இந்தப் படத்தை வச்சு ஒருத்தர் யாரையும் கேக்காம வந்துர முடியுமா?”

“யாரு வரணும்?”

“எங்க அப்பா. வெள்ளிக்கிழமை லீவுல வாராக. இந்த ஊரை அவிய பாத்ததே இல்ல.”

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. போன லீவில் அப்பா அவளுக்கு ஒரு கவுன் வாங்கி வந்தாராம். போட்டால் முழங்காலுக்கு மேலே ஏறி நின்றதாம். போனில் பேசும்போதெல்லாம், போன வருஷம் படித்த வாய்ப்பாட்டை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

“நான் எம்புட்டு வளந்துருக்கேன்னே அவியளுக்குத் தெரியல டீச்சர். அதான் சொல்லிட்டேன். உங்களைக் கூப்பிட ஒருத்தரும் பஸ் ஸ்டாப்புக்கு வர மாட்டோம், நான் படம் அனுப்புதேன், வழியில யாரையும் கேக்காம நீங்களா வரணும்னு. சரின்னுட்டாக.”

“அப்படி வர முடியலைன்னா?”

மாரீஸ்வரி தட்டிலிருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “பொறவு நான் போன்ல பேச மாட்டேன்.”

சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானாக இருந்தால் அந்த நிமிஷமே சிவப்புப் பேனாவை எடுத்து, வடக்கு தெற்கு குறித்து, சுத்தமான ஒரு படத்தை நானே போட்டுக் கொடுத்திருப்பேன். பிளஸ்ஸி, “அப்ப இந்த வாரம் முழுக்க நமக்கு இதுதான் வேலை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வாசலில் கும்மாளம். சாக்பீஸால் தரையிலேயே பெரிய படம் ஒன்றைப் போட்டார்கள். அதன் மேல் பிள்ளைகள் நடந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நில், எந்தப் பக்கம் திரும்புவாய், இப்போது உனக்கு வலது கைப்பக்கம் என்ன இருக்கிறது என்று பிளஸ்ஸி கேட்டுக்கொண்டே இருந்தாள். தரையில் போட்ட மலை நிஜ மலையைப் பார்த்து இருந்தால் எல்லாம் சரியாக வருகிறது, படத்தைத் திருப்பிப் போட்டால் குழம்புகிறது என்பதை வல்லரசுதான் முதலில் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததும் அவன் குதித்த குதியில் சாக்பீஸ் மலை பாதி அழிந்துபோனது.

புதன்கிழமை பரீட்சை. ஐந்தாம் வகுப்பு டஸ்டரை ஓரிடத்தில் ஒளித்துவைத்துப் படம் போட்டுத் தரும், நான்காம் வகுப்பு தேட வேண்டும். பிள்ளைகள் படத்தில் ‘பிள்ளையார் கோவில்’, ‘வாட்டர் டேங்க்’ என்று பெயர்களை எழுதிவைத்திருந்தார்கள். மாரீஸ்வரி எழுந்து பெயர் ஒன்றும் இருக்கக் கூடாது என்றாள்.

“பேரு இருந்தா அதைச் சொல்லி யாருட்டயாவது வழி கேட்டுருவாக.”

வகுப்பு அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டது. பெயர்கள் அழிந்து குறிகள் வந்தன. நாலு காலில் நிற்கும் உருண்டை என்றால் டேங்க். தும்பிக்கை என்றால் பிள்ளையார். டஸ்டர் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் தோப்புக்காரர் வந்து இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

நான் விடவில்லை. வடக்கு விஷயம் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. “ஏம்மா பிளஸ்ஸி, உலகம் பூரா வடக்கைத்தான் மேல வச்சிருக்கான். நம்ம பிள்ளைய மட்டும் மலையை வைக்குமா?” என்று கேட்டேன். பிளஸ்ஸி அதையும் வகுப்புக்கே தூக்கிப் போட்டுவிட்டாள். உலகத்தில் ஏன் அப்படி வைத்தார்கள்? அரை மணி நேரம் வாதம் நடந்தது. எல்லா ஊரிலும் மலை இருக்காது, ஆனால் எல்லா ஊருக்கும் வடக்கு உண்டு, அதனால் எல்லாரும் பேசி அப்படி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். நான் இத்தனை வருஷம் ‘அது அப்படித்தான்’ என்று ஒரே வரியில் முடித்த பாடம். பிள்ளைகள் தாங்களே காரணத்தைத் தேடிப் பிடித்ததைக் கேட்டபோது, பீரோவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அப்போது வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“மலை இல்லாத ஊர்க்காரவிய பாவம், வடக்கை வச்சுக்கிடட்டும். நமக்கு மலை இருக்குல்லா” என்று வல்லரசு பெருந்தன்மையாகச் சொன்னான்.

பிளஸ்ஸி ஜன்னலைக் காட்டினாள். “இப்ப இருக்கா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. ஐப்பசி மேகம் இறங்கி மலையை அடியோடு மூடியிருந்தது. தோப்புக்கு அப்பால் வெறும் வெள்ளை. மாரீஸ்வரியின் முகம் வாடிவிட்டது. அப்பா வருகிற அன்றைக்கும் இப்படி இருந்தால்? எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வடக்கு என்று ஒரு அம்புக்குறி போட்டால் தீர்ந்துபோகிற விஷயம்!

வல்லரசு இழுத்தான். “ஓடை இருக்கே டீச்சர். மலை தெரியாட்டாலும் தண்ணி மலையில இருந்துதான வரும்?”

“ஓடை காஞ்சுலா கெடக்கு” என்றது ஒரு குரல்.

“மேகம் எறங்கிட்டா தண்ணி வரும்ல. மலையில பெய்யாமயா இருக்கும்?”

ஓடை நெடுக நீலக் கலரில் சின்னச் சின்ன அம்புகள் போட்டார்கள். மலையிலிருந்து கிளம்பி, பள்ளிக்கூடத்தை ஒட்டி, பஸ் ஸ்டாப் பாலம் வரை. நான் கடைசித் தடவையாக, “அப்படியே ஓரத்துல வடக்கையும் குறிச்சிரு மாரீஸ்வரி. உங்க அப்பா பட்டாளத்துக்காரர், அவருக்கு அதுதான் புரியும்” என்றேன்.

“வேண்டாம் பெரிய டீச்சர். அப்பாவுக்கு வடக்கு எங்க இருக்குன்னு தெரியும். நான் எங்க இருக்கேன்னுதான் தெரியாது.”

நான் போய் என் பிள்ளைகளுக்கு ‘ஆ’ போட்டேன்.

அன்று சாயங்காலமே படத்தைப் பிளஸ்ஸி தன் போனிலிருந்து மாரீஸ்வரியின் அப்பாவுக்கு அனுப்பினாள். வழி முடிகிற இடத்தில் மாரீஸ்வரி ஒரு கட்டடம் போட்டு அதற்குள் 4 என்று எழுதியிருந்தாள். வேறு குறி இல்லை. வியாழக்கிழமை எல்லாரும் சத்தியம் செய்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மாரீஸ்வரி என்னிடமும் வந்து கையை நீட்டினாள்.

“நீங்கதான் பெரிய டீச்சர் முக்கியம். நீங்க சட்டுன்னு பதிலைச் சொல்லிருவிய.”

பிளஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் கையடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம். முடித்துவிட்டு மத்தியானம் மம்சாபுரம் பஸ்ஸில் ஏறினேன். தூறிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஒட்ட முடிவெட்டிய ஒருத்தர், காலடியில் பச்சைப் பை, கையில் ஒரு தாள். பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“மக போட்டு அனுப்புன படம்ணே. மூணாங்கிளாஸ் படிக்கா. போன்ல வச்சுப் பாத்தா, நம்ம திருப்பத் திருப்ப படமும் திரும்புது. அதான் ரயில்லயே உக்காந்து தாள்ல வரைஞ்சுக்கிட்டேன்.”

எட்டிப் பார்த்தேன். மாரீஸ்வரியின் படமேதான். நீல அம்புகளைக்கூட விடாமல் போட்டிருந்தார். ஆனால் தாளின் உச்சியில், மலைக்கு மேலே, அழகாக ஒரு பெரிய அம்புக்குறி. அதன் தலையில் ‘வ’.

மனுஷன் கைப்பழக்கத்தில் வடக்கை உச்சியில் வைத்துவிட்டார். நான் வைக்கச் சொன்ன அதே இடத்தில்.

பஸ் ஸ்டாப்பில் இறங்கினோம். மலை இருக்கிற திசையில் மேகம்தான் இருந்தது. தங்கச்சாமி (அதுதான் அவர் பெயர் என்று பள்ளிப் பதிவேட்டில் பார்த்த ஞாபகம்) நிழற்குடையில் நின்று தாளை விரித்தார். பஸ் வந்த ரோட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தில் இருந்த திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியாக வடக்கே திரும்பிக் கடைத்தெருவுக்குள் நடந்தார். எங்கள் ஊரின் கெட்ட நேரம், அந்தத் தெருவிலும் நாலு காலில் ஒரு டேங்க் நிற்கிறது. அதைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டிக்கொண்டார்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ‘தம்பி, அங்குட்டு இல்ல’ என்கிற மூன்று வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு தடவை அடக்க முடியாமல் இருமிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் சட்டென்று ஒரு கடையில் தொங்கிய வாழைத்தாரை விலை விசாரித்தேன். கடைக்காரர் சொன்ன விலை என் காதில் விழவே இல்லை.

டேங்குக்கு அடுத்து பிள்ளையார் வர வேண்டும். ரேஷன் கடை வந்தது. தாளைப் பார்த்தார், ரேஷன் கடையைப் பார்த்தார். சைக்கிளில் போன ஒருவரைக் கேட்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். மழையில் நனைந்துகொண்டு, பையைச் சுமந்துகொண்டு, கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுகிற வழியை அந்த மனுஷன் கேட்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு. அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இத்தனை நாள் கவுன் அளவு தெரியாதவர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பவும் பஸ் ஸ்டாப்புக்கே வந்தார். பக்கத்தில் ஓடைப் பாலம். கைப்பிடிச் சுவரில் பையை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கீழே பார்த்தார். ராத்திரி மலையில் பெய்த மழையில் ஓடையில் தண்ணீர் வந்திருந்தது. செம்மண் கலங்கல். மாவிலையும் சருகும் மிதந்து வந்தன.

நான் எதிரே டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றேன். கர்த்தரே, அம்பைப் பார்க்கட்டும்.

பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தாளைச் சுவரின் மேல் படுக்கவைத்தார். மெதுவாகத் திருப்பினார். நீல அம்புகள் தண்ணீர் போகிற பக்கமே ஓடுகிற வரை திருப்பி நிறுத்தினார். பிறகு தாளின் உச்சி காட்டிய திசையில் நிமிர்ந்து பார்த்தார். அங்கே மேகம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். பேனாவை எடுத்து உச்சியிலிருந்த ‘வ’வை அடித்துவிட்டு, வலது ஓரத்தில் எழுதினார். தண்ணீருக்கு எதிராக, ஓடைக்கரையில் விறுவிறுவென்று நடந்தார். பட்டாளத்து நடைக்கு என் முழங்கால் ஈடுகொடுக்குமா? டீயை வைத்துவிட்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எங்கள் வராந்தாவில் நின்றிருந்தார். அவர் முகத்தில் குழப்பம். வீட்டு நம்பர் 4 என்று நினைத்து வந்திருக்கிறார். வந்து நிற்பதோ பள்ளிக்கூடம். முதல் வாசலைப் பார்த்தார். 1, 2, 3. அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தார். பிறகு தாளைப் பார்த்தார். அங்கேயே நின்றார். கண் மெல்ல அடுத்த வாசலுக்கு மேலே போனது. 4, 5.

உள்ளே வல்லரசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“வாங்க. யாரைப் பாக்கணும்?” என்று பிளஸ்ஸி, ஒன்றுமே தெரியாதவள் போலக் கேட்டாள்.

அவர் தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“மாரீஸ்வரியைப் பாக்கணும் டீச்சர். நாலாங்கிளாஸ் மாரீஸ்வரி.”

மாரீஸ்வரி எழுந்தாள். ஓடவில்லை. நடந்து வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

“வழியில யாரையும் கேட்டியளா?”

“கேக்கல தாயி. ஒரு டீச்சரம்மா மட்டும் குடையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே வந்தாவ. அவிய மூஞ்சி பூரா பதில் இருந்துச்சு. ஆனா வாயைத் தொறக்கல.”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிளஸ்ஸி பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பார்வையை எந்த அதிகாரியிடமும் நான் வாங்கியதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குடையை மடக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது மாரீஸ்வரி அப்பாவின் முன்னால் போய், அவர் நெஞ்சில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றிருந்தாள். உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்து, அப்படியே பின்னால் அவர் சட்டைக்குக் கொண்டுபோனாள். நனைந்த சட்டைப்பையின் பித்தானில் கை நின்றது.

“இம்புட்டு” என்றாள்.

அவர் அந்தக் கையைப் பித்தானோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.